சேவல், கிரீடம், வெறும் எண்: இத்தாலிய மட்பாண்டச் சேகரிப்பில் எந்தப் பிரிவில் இறங்குவது?

இத்தாலியத் தட்டு ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் அதைக் கவிழ்த்துத்தான் பார்க்கிறார்கள். அடியில் ஒரு சேவலோ கிரீடமோ நங்கூரமோ ஊர்ப்பெயரோ இருக்கும். கைபேசியில் படம் எடுத்துத் தேடினால் அதே மாதிரி முத்திரை ஒன்று கிடைத்தும் விடும். பலருக்கும் பணம் போவது இந்த இடத்தில்தான். சில பிரிவுகளில் முத்திரை ஏறக்குறைய பத்திரப்பதிவு மாதிரி. சிலவற்றில் கடைத்தெருவில் செய்து வாங்கும் ரப்பர் ஸ்டாம்புக்கு உள்ள மதிப்புதான் அதற்கும். வேறு சிலவற்றில் முத்திரையே இருக்காது.

அதனால் கையில் அளவான பணம் இருப்பவர், "இது யாருடைய முத்திரை?" என்று கேட்பதற்கு முன், முத்திரை நம்பகமாக இருக்கும் பிரிவு எது என்று கேட்டுக்கொள்வது நல்லது. சந்தையில் எப்போதும் கண்ணில் படும் பிரிவுகள் ஐந்து: மறுமலர்ச்சிக் கால மயோலிக்கா (வெள்ளை மெருகு பூசிய மண்பாண்டம்), நேப்பிள்ஸ் கிரீட முத்திரைப் பீங்கான், 19-ஆம் நூற்றாண்டின் மறுமலர்ச்சிப் பாணிப் படைப்புகள், 1950-60களின் ஃபுளோரன்ஸ் வட்டாரக் கலைப்பொருட்கள், இன்றைய டெருட்டா, வியெட்ரி ஊர்களின் வகையறா.

மண்ணைப் பார், பிறகு முத்திரையைப் பார்

பளபளவென்று வெள்ளையாக இருந்தால் தமிழில் எல்லாவற்றையும் பீங்கான் என்றுவிடுகிறோம். இங்கே அந்தப் பழக்கம் செலவு வைக்கும். இத்தாலியப் பொருட்களில் பெரும்பகுதி மயோலிக்கா, அதாவது சுட்ட மண். களிமண்ணைச் சுமார் 1000 டிகிரி செல்சியஸில் ஒருமுறை சுடுவார்கள். காரீயமும் வெள்ளீயமும் கலந்த மெருகுக் குழம்பில் அதை முக்கி எடுப்பார்கள். வெள்ளீயம்தான் மெருகை ஒளிபுகாத வெள்ளையாக்குகிறது. காய்ந்த அந்த வெள்ளைப் பொடிப்பரப்பின் மேல் தூரிகையால் வரைந்து, 900 முதல் 950 டிகிரிக்குள் இரண்டாம் முறை சுடுவார்கள். வரையும்போது பொடி நிறத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும். அழித்துத் திருத்த வழியில்லை. நல்ல மயோலிக்காவின் கோடுகளில் தயக்கம் தெரியாததற்குக் காரணம் இதுதான். தயங்கித் தயங்கி, தொட்டுத் தொட்டு வரைந்த கோடு பெரும்பாலும் பார்த்து வரைந்தவரின் கோடு.

மயோலிக்காவின் விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் வெள்ளை மெருகுக்கு அடியில் மங்கிய மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மண் தெரியும். பீங்கான் என்றால் உள்ளேயும் வெள்ளைதான். கைபேசி விளக்கைப் பின்னால் பிடித்தால் மெல்லிய பீங்கானில் வெளிச்சம் ஊடுருவும், மயோலிக்காவில் ஊடுருவாது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் கூட ஆகாது. மண்பொருளின் அடியில் பீங்கான் ஆலையின் முத்திரை இருந்தால் அங்கேயே கீழே வைத்துவிடலாம்.

மறுமலர்ச்சிக் காலம்: முத்திரை பேசாது, பேசினாலும் பாதிதான்

16-ஆம் நூற்றாண்டின் டெருட்டா, ஃபயென்ஸா, ஊர்பினோ, காஸ்டெல் டுரான்டே, மொண்டெலூப்போ தட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் முத்திரை கிடையாது. இருக்கும் இடத்திலும் அது இன்றைய வணிகச் சின்னம் போன்றதன்று. ஓவியர் தன் கையால் எழுதிய குறிப்பு அது. ஊர்பினோவில் இருந்த ஃபிரான்செஸ்கோ சான்டோ அவெல்லி, 1530-க்குப் பிறகு தட்டின் பின்பக்கம் ஆண்டையும் முன்பக்கம் வரைந்த கதையையும் எழுதி, கீழே எஃப், எக்ஸ், ஏ, ஆர் என்ற எழுத்துகளில் கையெழுத்திட்டார். முகவரியே கொடுத்தமாதிரி தோன்றும் இது அபூர்வம்.

கூப்பியோ ஊரின் மாஸ்ட்ரோ ஜார்ஜோ அந்திரேயோலி விஷயம் வேறு. உலோக மினுமினுப்புள்ள பொன், மாணிக்கச் சிவப்பு மெருகு அவர் பட்டறையின் சிறப்பு. அந்த மினுமினுப்பை ஏற்ற, காற்றைக் குறைத்துப் புகையில் மூன்றாம் முறை சுட வேண்டும். வேறு ஊர்களில் வரைந்து முடித்த தட்டுகளும் இந்த மூன்றாம் சுடுதலுக்காக மட்டும் கூப்பியோவுக்கு வந்தன. பின்பக்கத்தில் மினுமினுப்பு வண்ணத்தாலேயே அவர் பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டும் விழுந்தன. ஆகவே அசல் ஜார்ஜோ முத்திரை இருந்தாலும் ஓவியம் வரைந்தவர் அவர் பட்டறைக்காரர் என்று சொல்ல முடியாது. சான்டோ வரைந்து ஜார்ஜோ பட்டறை மினுக்கிய தட்டுகள் அருங்காட்சியகங்களிலேயே இருக்கின்றன. ஒரே தட்டில் இரண்டு ஊர், இரண்டு கை!

இந்தப் பிரிவில் முத்திரையை விட நிறம் அதிகம் பேசும். அக்காலத்து வண்ணத்தட்டு சிறியது: கோபால்ட் நீலம், செம்பின் பச்சை, ஆண்டிமனி மஞ்சள், இரும்பின் ஆரஞ்சு, மாங்கனீசின் கத்தரி நிறம். அந்தச் சூட்டில் தாங்கும் பளிச்சென்ற சிவப்பு அவர்களிடம் இல்லை. ஒரு சிலர் செம்மண் வகையால் செங்கல் நிறம் வரை போனார்கள், அவ்வளவுதான். குரோமியம் கண்டுபிடிக்கப்பட்டதே 1797-இல். 1540 என்று அடியில் எழுதிய தட்டில் கெட்டியான, மந்தமான குரோமியப் பச்சையோ இளஞ்சிவப்போ குங்குமச் சிவப்போ இருந்தால், மீதியைப் பார்க்க வேண்டியதில்லை.

பழைய தட்டுகளின் மெருகில் சூளையில் தாங்கி நின்ற முக்காலித் தாங்கியின் தழும்புகள், பொதுவாக மூன்று புள்ளிகள், தெரியும். அவை இருப்பது மட்டும் பழமைக்குச் சான்றாகாது. நேற்றுச் செய்தவரும் அதே தாங்கியைத்தான் வைக்கிறார். வெப்ப ஒளிர்வுச் சோதனை ஒன்று உண்டு. அடியில் சிறு துளையிட்டு மண்ணெடுத்து, கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று கணிப்பார்கள். பிழை சுமார் 20 விழுக்காடு வரும். 450 ஆண்டு என்றால் 90 ஆண்டு முன்பின். ஆகவே 16-ஆம் நூற்றாண்டா, 1890-ஆ என்ற கேள்விக்கு அது பதில் தரும். எந்தப் பட்டறை என்ற கேள்விக்குத் தராது.

தொடங்குபவருக்கு இந்தப் பிரிவு வேண்டாம். ஆசை விடாது என்றால், நூற்றாண்டும் ஊரும் எழுதிய ரசீதும், தவறானால் பணம் திரும்பும் என்ற எழுத்துறுதியும் தரும் வியாபாரியிடம் மட்டும் வாங்கலாம். அதற்கு முன் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் இணையத்தில் வைத்திருக்கும் மயோலிக்காப் படங்களில், பின்புறம் காட்டுபவற்றை ஒரு நூறாவது பார்த்துப் பழக வேண்டும். முன்பக்கத்தைப் போலி செய்பவர்கள் நிறைய. பின்பக்கத்தைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு.

கிரீடமும் "N" எழுத்தும்: கூட்டம் அதிகம், உண்மை குறைவு

வாரச்சந்தையிலும் இணையத்திலும் அதிகம் விற்பது இதுதான்: நீல நிறத்தில் ஒரு கிரீடம், கீழே ஆங்கில "N" எழுத்து, மேலே புடைப்பாகக் குட்டி தேவதைகளும் திராட்சைக் கொடிகளும். "பழைய கபோடிமோன்டே" என்று சொல்லி விற்பார்கள்.

வரலாற்றை நாலு வரியில் தெரிந்துகொண்டால் போதும். நேப்பிள்ஸ் அரசர் போர்பன் சார்லஸ் 1743-இல் கபோடிமோன்டே குன்றின் மேல் பீங்கான் ஆலை தொடங்கினார். அதன் முத்திரை மூவிதழ் அல்லி. 1759-இல் அவர் ஸ்பெயின் அரசரானபோது கைவினைஞர்களையும் மூலப்பொருளையும் சேர்த்து மத்ரீதுக்கு, புவன் ரெத்திரோவுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கேயும் அதே அல்லி முத்திரைதான். நேப்பிள்ஸில் அவர் மகன் ஃபெர்டினாண்ட் 1771-இல் புதிய ஆலை தொடங்கினார். கிரீடமும் "N" எழுத்தும் சேர்ந்தது இந்த இரண்டாவது ஆலையின் பிற்கால முத்திரை. அதுவும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் கைக்குப் போய் மங்கிவிட்டது.

ஆகக் கூடி, கபோடிமோன்டே குன்றில் உண்மையில் ஆலை நடந்த 16 ஆண்டுகளில் கிரீட N முத்திரையே இல்லை. "கபோடிமோன்டே, கிரீட N முத்திரை, 1750" என்று விற்பனைக் குறிப்பு சொன்னால், எழுதியவருக்கே விஷயம் தெரியாது என்று பொருள்.

பிறகு அந்த முத்திரைக்கு என்ன ஆயிற்று? ஃபுளோரன்ஸுக்கு அருகே தோச்சாவில் இருந்த ஜினோரி ஆலை அந்தப் புடைப்புப் பாணிப் பொருட்களைத் தொடர்ந்து செய்து, கிரீட N முத்திரையையும் அவற்றில் வைத்தது. ஜெர்மனியில் ருடோல்ஸ்டாட்டின் எர்ன்ஸ்ட் போனே போன்ற ஆலைகளும் அதே முத்திரையைப் போட்டன. 20-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் நோவே, பசானோ பக்கத்துப் பட்டறைகள் பூக்கூடை, நாடோடிச் சிலை, கடிகாரம் என்று செய்து அதே கிரீடத்தை அச்சிட்டன. "கபோடிமோன்டே" என்ற சொல் இன்று ஒரு பாணியின் பெயராகிவிட்டது.

கிரீட N முத்திரையோடு ஜினோரி என்ற பெயரும் மண்ணிலேயே அழுத்தி இருந்தால் பொருளுக்கு ஒரு முகவரி உண்டு. வெறும் நீலக் கிரீடம் மட்டும் இருந்தால் 20-ஆம் நூற்றாண்டு என்று வைத்துக்கொண்டு, அந்த விலைக்கே பேச வேண்டும். அலமாரியில் வைக்க அழகாக இருக்கிறது என்று வாங்குபவரை யாரும் குறை சொல்ல முடியாது. பழம்பொருள் விலை கொடுப்பதுதான் தப்பு. வாங்கும்போது பூவிதழ், விரல் நுனி, கொடியின் வளைவு ஆகியவற்றில்தான் முதலில் உடைசல் தேட வேண்டும். அவற்றில் ஒட்டுப்போடாத பழைய பொருள் அரிது.

நங்கூரத்திலும் இதே தொல்லை உண்டு. வெனிஸில் ஜெமினியானோ கோட்ஸியின் ஆலை (1764-1812) சிவப்பு நங்கூரம் வரைந்தது. இங்கிலாந்தின் செல்சீ ஆலையும் அதற்கு முன்பே சிவப்பு நங்கூரம்தான் வைத்தது. செல்சீ நங்கூரம் மிகச் சிறியது, சில மில்லிமீட்டர்தான். கோட்ஸியின் நங்கூரம் பெரியது, தடித்தது. பாரிஸின் சாம்சன் ஆலை எல்லாருடைய பொருளையும் நகலெடுத்ததால் பெரிய நங்கூரம் என்பதற்காகவே கோட்ஸி என்றும் முடிவுகட்ட முடியாது.

19-ஆம் நூற்றாண்டின் பழம்பாணி: கற்பவருக்கு ஏற்ற இடம்

ஐந்தில் ஒன்றைத்தான் பரிந்துரைக்க வேண்டும் என்றால் இதுதான். இத்தாலி ஒரே நாடாக இணைந்த பிறகு, தன் பழைய மயோலிக்காப் பெருமையை மீட்டெடுக்கும் வேகத்தில் ஃபுளோரன்ஸ், பொலோனியா, பெசரோ, குவால்தோ தாடினோ பட்டறைகள் மறுமலர்ச்சிப் பாணியில் செய்து தள்ளின. அவை வணிக நிறுவனங்கள். தங்கள் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்பதால் ஒழுங்காக முத்திரை வைத்தன. தரமும் உயர்வு. அசல் 16-ஆம் நூற்றாண்டுத் தட்டின் விலையோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு.

இவற்றில் முதலில் படிக்க வேண்டியது கான்டகல்லி. உலிஸ்ஸே கான்டகல்லி 1878-இல் ஃபுளோரன்ஸில் குடும்பப் பட்டறையை ஏற்று நடத்தினார். குடும்பப் பெயரில் "பாடு" என்பதும் "சேவல்" என்பதும் இருப்பதால் முத்திரை கூவும் சேவல். சேவலைத் தூரிகையால் கையில் வரைந்தார்கள். அதனால் இரண்டு சேவல்கள் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. இது குழப்பமாகத் தோன்றினாலும் சேகரிப்பவருக்குச் சாதகமே. அசல் சேவல் நாலைந்து வேகமான தீற்றலில் முடிந்திருக்கும், மெருகோடு சேர்ந்து உருகியிருக்கும். அச்சில் விழுந்தது போன்ற, ஓரம் கூரான, மெருகுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் சேவலைச் சந்தேகிக்க வேண்டும்.

கான்டகல்லி மறுமலர்ச்சிப் பாணியோடு நிற்கவில்லை. துருக்கியின் இஸ்னிக் பாணி, ஸ்பெயினின் மூர் பாணி, ஃபுளோரன்ஸின் தெல்லா ராப்பியா சிற்பக் குடும்பத்தின் புடைப்பு என்று எல்லாம் செய்தது. துருக்கித் தட்டு போல இருப்பதன் அடியில் சேவல் இருந்தால் திகைக்க வேண்டாம், அது இயல்புதான். முன்பக்கம் வரைந்த சேவல் வேறு கதை. ஓர்வியெட்டோ பாணியின் பச்சைச் சேவல் கோப்பைகளில் அது வெறும் அலங்காரம்.

கவனிக்க வேண்டிய மோசடி தலைகீழானது. இங்கே முத்திரையைச் சேர்ப்பதில்லை, அழிப்பார்கள். சேவலைச் சாணைபிடித்துத் தேய்த்துவிட்டு மேலே கொஞ்சம் அழுக்கேற்றினால் "16-ஆம் நூற்றாண்டு" தட்டு தயார். அடியின் நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவில் மெருகு மங்கிப் பள்ளமாக இருந்தால் அதுதான் காரணம். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பள்ளம் நிழலாகத் தெரியும்.

ஜினோரியின் முத்திரைகள் காலக்கோட்டோடு நகர்வதால் படிக்க எளிது. மார்க்கீஸ் கார்லோ ஜினோரி 1735-இல் தோச்சாவில் தொடங்கினார். ஆரம்பகாலப் பொருட்களில் முத்திரை அரிது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடும்பச் சின்னத்தின் நட்சத்திரம் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜினோரி என்ற பெயரே மண்ணில் அழுந்தியது. 1896-இல் மிலானின் ரிச்சர்ட் நிறுவனத்தோடு சேர்ந்தது. ஆகவே "ரிச்சர்ட்-ஜினோரி" என்று இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் அதற்கு முந்தையதாக இருக்கவே முடியாது. 1923 முதல் 1930 வரை கட்டடக் கலைஞர் ஜியோ பொன்டி கலை இயக்குநர். அக்காலப் பொருட்களுக்குத் தனி விலை, தனிப் போட்டி, அதனால் தனிப் போலிகளும். 2013-இல் நிறுவனம் திவாலாகி குச்சி (Gucci) என்ற ஆடம்பர ஆடை நிறுவனத்தின் கைக்குப் போனது. 2020 முதல் பெயர் "ஜினோரி 1735". இந்தக் கடைசிப் பெயரில் உள்ள ஆண்டைப் பார்த்துப் பொருளே 1735-ஐச் சேர்ந்தது என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். முத்திரையில் உள்ள ஆண்டு பெரும்பாலும் ஆலை தொடங்கிய ஆண்டுதான். இது இத்தாலிக்கு மட்டுமான விதியும் இல்லை.

மினுமினுப்பு மெருகில் ஆசை உள்ளவர்கள் குவால்தோ தாடினோவின் ரப்போலி பட்டறையைத் தேடலாம். கூப்பியோவின் பழைய நுட்பத்தை 19-ஆம் நூற்றாண்டில் மீட்டவர்களில் அவர்களும் உண்டு. பொலோனியாவின் மிங்கெட்டி (1858 முதல்), பெசரோவின் மொலரோனி (1880 முதல்) இரண்டும் நல்ல தொடக்கம். பெசரோ என்றதும் ஃபெருச்சியோ மென்கரோனியைச் சொல்லாமல் விட முடியாது. பழையதை அசலுக்கு இணையாகச் செய்த கை அவருடையது. 1925-இல் மொன்சா கண்காட்சிக்குத் தான் செய்த பிரம்மாண்டமான மெதூசா (கிரேக்கப் புராணத்தின் பாம்புக்கூந்தல் பெண்) தலையை ஏற்றும்போது அது சரிந்து அவர் மேலேயே விழுந்து இறந்தார். அந்த மெதூசா இப்போது பெசரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாட்டின் பெயரும் கால அளவுகோல்தான். அமெரிக்காவுக்குள் இறக்குமதியாகும் பொருட்களில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற மெக்கின்லி சுங்கச்சட்டத்தின் விதி 1891 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டலில் "இட்டலி" என்றிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது, ஏற்றுமதிக்குச் செய்தது. "மேட் இன் இட்டலி" என்ற முழுத்தொடர் பொதுவாக அதற்கும் பிந்தையது. இது ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தி. நாட்டின் பெயர் இல்லை என்பதால் 1891-க்கு முந்தையது என்று சொல்ல முடியாது. உள்நாட்டில் விற்றதற்கு அந்த விதி எதற்கு?

1950-60கள்: எண் இருக்கும், பெயர் இருக்காது

கெட்டியான நீலமெருகு, அழுத்திப் பதித்த முத்திரைக் கோலங்கள், தடித்த குதிரை, காளை, பூனை உருவங்கள். இவை மொண்டெலூப்போவின் பிட்டோஸி ஆலையின் "ரிமினி நீலம்" வரிசையை நினைவூட்டும். 1921-இல் கிய்தோ பிட்டோஸி தொடங்கிய ஆலை இது. 1946 முதல் ஆல்டோ லொன்டி கலை இயக்குநர். அக்காலப் பொருட்களின் அடியில் பெரும்பாலும் ஆலையின் பெயர் இருக்காது. கையால் எழுதிய மாதிரி எண்ணும் நாட்டின் பெயரும் மட்டும் இருக்கும். "ரேமர்" என்றிருந்தால் அது அமெரிக்க இறக்குமதியாளரின் பெயர். அவர்கள் பிட்டோஸியிடமும் வாங்கினார்கள், ஃபுளோரன்ஸின் ஃபன்டோனி பட்டறையிடமும் வாங்கினார்கள். ரேமர் என்று எழுதியிருப்பதை வைத்து யார் செய்தது என்று சொல்ல முடியாது. காகித ஒட்டியை நம்பவே வேண்டாம். உடைந்த ஜாடியிலிருந்து ஈரத்துணியால் உரித்து நல்ல ஜாடியில் ஒட்டினால் முடிந்தது.

இந்தப் பிரிவில் அடையாளம் சொல்வது பதிப்பு அச்சுகளின் வடிவமும், மெருகு வழிந்து நின்ற விதமும், எண்ணை எழுதிய கையெழுத்தும். பத்துப் பொருளைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்கு இது பிடிபடும். படத்தை மட்டும் பார்த்து வாங்குபவருக்குக் கஷ்டம். போதாக்குறைக்கு ரிமினி நீலத்தை பிட்டோஸி இன்றும் செய்கிறது. அடிவிளிம்பில் தேய்மானமே இல்லாமல் சுத்தமாக இருந்தால் ஆண்டைக் கேளுங்கள்.

பெயரோடு வருபவர்கள் இருக்கிறார்கள். மார்செல்லோ ஃபன்டோனி 1936-இல் ஃபுளோரன்ஸில் பட்டறை வைத்தவர், தன் பெயரை எழுதினார். கிய்தோ கம்போனே வியெட்ரியிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு வந்தவர். அவர் கையெழுத்தோடு பெரும்பாலும் ஒரு சிறு கழுதை உருவம் இருக்கும். மகன் புரூனோவும் "கம்போனே" என்றே எழுதியதால், கழுதை இல்லாத கையெழுத்துக்கு அப்பாவின் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். துரினின் லென்சி 1928 முதல் 1964 வரை செய்த பெண் உருவங்களில் பெயரும் ஊரும் தூரிகையால் எழுதியிருக்கும். விலை மிக அதிகம், போலியும் அதிகம். லென்சியில் வேலை பார்த்த கலைஞர் 1934-இல் தனியே தொடங்கிய எஸ்ஸெவி போன்ற பட்டறைகளின் நல்ல பொருட்கள் இன்னும் அந்த உயரத்துக்குப் போகவில்லை.

பட்ஜெட் மிகக் குறைவாக இருப்பவருக்கு இந்தப் பிரிவு பொருந்தும். தவறினாலும் நஷ்டம் சிறியது, எண் மட்டுமுள்ள ஜாடிகள் இன்னும் கைக்கெட்டும் விலைதான்.

இன்றைய பட்டறைகள்

சேகரிப்புக்காக அல்லாமல் பயன்படுத்துவதற்காக வாங்குபவர் நேராக இங்கே வரலாம். டெருட்டாவின் "ரிக்கோ" கோலமும் பறவைநாகம் வரும் "ரஃபேல்லெஸ்கோ" கோலமும் பல பட்டறைகளின் பொதுச்சொத்து. கோலத்தை வைத்துப் பட்டறையைச் சொல்ல முடியாது. அடியில் பட்டறைப் பெயர், ஊர், வரைந்தவரின் முதலெழுத்து மூன்றும் கையெழுத்தில் இருப்பதே நல்லது. இரண்டு தொடர்களைப் பிரித்தறிய வேண்டும்: "ஃபாத்தோ ஆ மானோ" என்றால் கையால் செய்தது, "திபிந்தோ ஆ மானோ" என்றால் கையால் வண்ணமிட்டது. இரண்டாவதில் பாத்திரம் அச்சில் வார்த்ததாக இருக்கலாம். பூதக்கண்ணாடியில் ஓவியம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது கைவேலையே இல்லை, அச்சு ஒட்டு.

"வியெட்ரி" என்று பெரிய எழுத்தில் இருந்தால் அமல்ஃபிக் கரையில் உள்ள வியெட்ரி ஊரில் செய்தது என்று நினைப்பார்கள். அதே பெயரில் 1983-இல் அமெரிக்காவில் தொடங்கிய இறக்குமதி நிறுவனம் ஒன்று உண்டு. அதன் பொருட்கள் இத்தாலியின் பல ஊர்களிலிருந்து வருபவை. ஊர்ப்பொருள் வேண்டும் என்றால் சொலிமேனே போல அந்த ஊர்ப் பட்டறையின் பெயரைத் தேட வேண்டும்.

கையில் எடுத்தால் என்ன செய்வது

எந்தப் பிரிவானாலும் வேலை ஒன்றுதான். பத்து மடங்கு பூதக்கண்ணாடி, 365 நானோமீட்டர் புற ஊதா கைவிளக்கு, சிறு அளவுகோல், பஞ்சு. இவ்வளவு போதும்.

முதலில் அடிவளையம். பல ஆண்டு மேசையில் உரசிய தேய்மானம் எல்லாத் திசையிலும், சில இடத்தில் ஆழமாகவும் சில இடத்தில் மேலோட்டமாகவும் இருக்கும். உப்புத்தாள் தேய்த்தது ஒரே திசையில், ஒரே ஆழத்தில் போகும். மெருகு விரிசலில் இறங்கிய அழுக்கு இயற்கையானது என்றால் ஒரு பக்கம் கருமையாக, ஒரு பக்கம் வெளிறியிருக்கும். தேநீரிலோ பூட்ஸ் பாலிஷிலோ ஊறவைத்தது எங்கும் ஒரே பழுப்பாக இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் சில சமயம் மணமே காட்டிக்கொடுக்கும்.

பிறகு முத்திரை. மெருகுக்கு அடியில் இருக்கிறதா, மேலா? விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் மேலே இருப்பது மேடாக, பளபளப்பு மாறித் தெரியும். விற்பவர் சம்மதித்தால் பஞ்சில் ஒரு சொட்டு அசிட்டோன் தொட்டு முத்திரையின் ஓரத்தில் தடவலாம். சூளை ஏறாத மை கரைந்து வரும். பொன்வேலை மேலும் ஒட்டுப்போட்ட இடத்தின் மேலும் இதைச் செய்யக் கூடாது.

கடைசியில் இருட்டறையில் புற ஊதா விளக்கு. பழுதுபார்த்த இடத்தின் பிசினும் வண்ணமும் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறாக, பெரும்பாலும் பால்போல ஒளிரும். விரல் மூட்டால் மெதுவாகத் தட்டினால் முழுப் பொருள் கணீரென்று ஒலிக்கும், கீறியது மொத்தையாக ஒலிக்கும். மயோலிக்கா பீங்கானளவுக்கு ஒலிக்காது என்பதை மனதில் வைத்துத் தட்ட வேண்டும்.

இணையத்தில் வாங்கும்போது முத்திரையின் படம் மட்டும் போதாது. அடிப்பாகம் முழுவதும், அடிவளையம் பக்கவாட்டில், மில்லிமீட்டரில் விட்டம், கிராமில் எடை நான்கையும் கேளுங்கள். எடை கேட்டால் ஏன் என்று திருப்பிக் கேட்பார்கள். அச்சில் வார்த்த நகலும் சக்கரத்தில் வனைந்த அசலும் எடையில் ஒத்துப்போவது குறைவு. இத்தாலியிலிருந்து நேரடியாக வாங்கும்போது, செய்தவர் உயிரோடில்லாத, 70 ஆண்டைத் தாண்டிய பொருளின் மதிப்பு 13,500 யூரோவுக்கு மேல் என்றால் ஏற்றுமதி அனுமதி வேண்டும். குறைவானவற்றுக்கு விற்பவரே சுய அறிவிப்பு தருவார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பின் மயோலிக்காவைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. அடியில் மெருகில்லாத மண் தண்ணீரைக் குடித்து, அழுக்கை மெருகுக்கு அடியில் கறையாகக் கொண்டுபோய்விடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். சுவரில் மாட்டும் சுருள்கம்பித் தாங்கி விளிம்பைச் சில்லாக்கும். ரப்பர் உறை போட்ட கம்பி நல்லது.

பழைய மயோலிக்காவில் சாப்பாடு மட்டும் வேண்டாம். ஈயச் சொம்பில் ரசம் வைத்துப் பழகிய வீடுகளில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சொம்பில் இருப்பது வெள்ளீயம். இந்த மெருகில் வெள்ளீயத்தோடு காரீயமும் இருக்கிறது. புளி, எலுமிச்சை, தயிர், ஊறுகாய் எல்லாம் அதைக் கரைக்கும், மெருகில் விரிசல் விட்டிருந்தால் இன்னும் வேகமாகக் கரைக்கும். உணவுக்கு ஏற்றது என்று பட்டறை எழுதித் தரும் புதிய தட்டுகள் மேசைக்குப் போகட்டும். சேவல் முத்திரைத் தட்டு சுவரிலேயே இருக்கட்டும்.